சேர்க்கப்படாத அறை: விருதுநகர் காமராசர் இல்லமும் பழைய வீடுகளின் மரபு மதிப்பும்

1. கேள்வி

விருதுநகரின் தெப்பக்குளத்தைச் சுற்றியுள்ள கடைவீதிகளைக் கடந்து சுலோச்சன நாடார் தெருவுக்குள் நுழைகிறவர், பெயர்ப்பலகை மட்டும் இல்லாவிட்டால், தேடிவந்த வீட்டைத் தாண்டியே போய்விடுவார். அக்கம்பக்கத்து வீடுகளோடு ஒட்டி நிற்கும் எளிய வீடு அது. ஒன்பதாண்டுக் காலம் தமிழகத்தின் முதலமைச்சராகவும் பின்னர் அகில இந்தியக் காங்கிரசின் தலைவராகவும் இருந்த கு. காமராசரின் வீடு. இன்று அரசு அதை நினைவு இல்லமாகப் பேணுகிறது. உள்ளே சுவர்களில் ஒளிப்படங்கள். அவர் பயன்படுத்திய சில பொருள்கள். நின்று பார்த்துவிட்டு வெளியே வர அதிக நேரம் ஆகாது.

இந்த வீட்டில் பாதுகாக்க என்ன இருக்கிறது? பலரும் சொல்லும் பதில், “காமராசர் வாழ்ந்த வீடு, அது போதாதா?” என்பது. அது போதாது என்று இக்கட்டுரை வாதிடுகிறது. அவர் பெயரில் மண்டபங்களும் சிலைகளும் தமிழகம் முழுவதும் உள்ளன. சென்னை கிண்டியில் நினைவிடம் இருக்கிறது. கன்னியாகுமரியில் மணிமண்டபம் இருக்கிறது. அவற்றால் சொல்ல முடியாத எதை இந்த வீடு சொல்கிறது? அதைச் சொல்ல அதற்கு எவையெல்லாம் துணை நிற்க வேண்டும்? இவ்விரு கேள்விகளுக்கும் விடை கண்டால்தான், எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது தெளிவாகும்.

2. அளவுகோல்கள்

மரபு மதிப்பு என்பது ஒற்றைப் பொருள் அல்ல என்பதை முதலில் வகுத்துக் காட்டியவர்களுள் ஆஸ்திரியக் கலை வரலாற்றறிஞர் அலோயிஸ் ரீகல் முக்கியமானவர். நினைவுச் சின்னங்களை நவீன காலம் வழிபடும் முறை குறித்த அவரது கட்டுரை 1903இல் வெளியானது. காமராசர் பிறந்ததும் அதே ஆண்டுதான். ஒரு கட்டடத்தில் அதன் முதுமை தரும் மதிப்பு, வரலாற்றுச் சான்றாக நிற்கும் மதிப்பு, நினைவுகூர்தலுக்கான மதிப்பு, பயன்பாட்டு மதிப்பு, புதுமை மதிப்பு ஆகியவை ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருக்கும் என்றார் ரீகல். இவற்றுள் புதுமை மதிப்பு நம் ஊர் நினைவில்லங்களை ஆட்டிப்படைப்பது. பளபளவென்று வண்ணம் பூசித் தரைக்குப் புதுக் கற்களைப் பதித்தால்தான் மரியாதை என்று நாம் நினைக்கிறோம். அந்த மரியாதையே வீட்டின் சான்றுத் தன்மையை அழித்துவிடக் கூடும்.

1979இல் ஆஸ்திரேலியாவில் உருவாகிப் பின்னர் திருத்தப்பட்ட பர்ரா சாசனம், பண்பாட்டு முக்கியத்துவத்தைக் கட்டடத்துக்குள் மட்டும் தேடுவதில்லை. அதன் சூழல், பயன்பாடு, அதனோடு மக்களுக்குள்ள உறவு, அவர்கள் அதற்குத் தரும் பொருள் ஆகிய எல்லாவற்றையும் கணக்கில் எடுக்கிறது. சூழல் சிதைந்தால் கட்டடத்தின் முக்கியத்துவமும் சிதையும் என்பது அதன் அடிப்படைக் கருத்துகளில் ஒன்று. நம் தெருக்களுக்கு நேரடியாகப் பொருந்தும் கருத்து இது.

இந்தியச் சட்டங்களின் பார்வை வேறு. 1958ஆம் ஆண்டின் மத்தியத் தொல்லியல் சட்டம் நூறாண்டுகளுக்குக் குறையாத வயதை எதிர்பார்க்கிறது. 2010ஆம் ஆண்டுத் திருத்தம், பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டரைத் தடை செய்யப்பட்ட பகுதியாகவும், அதற்கப்பால் 200 மீட்டரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியாகவும் வகுத்தது. கோட்டைக்கும் குடைவரைக்கும் இது சரி. சுவரோடு சுவர் ஒட்டிய கடைவீதி ஊரில் இதே விதியைச் செயல்படுத்தினால் ஊரில் பாதி முடங்கிப்போகும். இத்தகைய சட்டங்களின் வரம்புக்குள் வராத மரபுக் கட்டடங்களுக்காகத் தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் 2012இல் இயற்றப்பட்டது; நடைமுறைக்கு வந்தது 2024இல்தான். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் இடிந்தவற்றுக்குக் கணக்கில்லை.

சட்டத்துக்கு வெளியே, பொதுமக்கள் மனத்தில் “பழைய வீடு” என்றால் செட்டிநாடுதான். பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் ஆத்தங்குடித் தரைக்கற்களும் கொண்ட அந்த ஊர்த் தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. அவை அந்தத் தகுதிக்கு உரியவையே. ஆனால் அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விருதுநகருக்கு வந்தால் கண்ணில் எதுவும் படாது. வணிகர் வீடுகள் எல்லாம் ஒரே வகை அல்ல. செட்டிநாட்டு வீடு கடல் கடந்து சேர்த்த செல்வம் ஊர் திரும்பி எழுப்பிய வீடு. விருதுநகர் வீடு வியாபாரத்துக்கு நடுவிலேயே குடியிருந்த வீடு.

3. வீடு நிற்கும் தெரு

பழைய பெயர் விருதுபட்டி. 1923இல் விருதுநகர் ஆனது. சுற்றிலும் கரிசல் பூமி. வானம் பார்த்த விவசாயம். பருத்தி, மிளகாய் வற்றல், எண்ணெய் வித்துக்கள், பருப்பு என வெளியூர்ச் சரக்குகள் வந்து இறங்கி, விலை பேசப்பட்டு, மீண்டும் வெளியூர் போவதே ஊரின் பிழைப்பு. 1876இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் பாதை திறக்கப்பட்டது இந்த வணிகத்துக்குப் பெரும் துணையானது.

இந்த ஊரின் அமைப்பைப் புரிந்துகொள்ள, ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் வெளியிட்ட நாடார் சமூகம் பற்றிய ஆய்வு இன்றும் தொடக்கப் புள்ளி. தெற்கிலிருந்து வடக்கு நோக்கி வந்த நாடார் வணிகர்கள், மாட்டுவண்டிகளும் சரக்கும் இரவில் பாதுகாப்பாகத் தங்கப் பேட்டைகளை அமைத்தனர். பேட்டைகளை நடத்தவும் பொதுக் காரியங்களுக்கும் ஒவ்வொரு வணிகரும் தன் வியாபாரத்தின் அளவுக்கேற்ப மகமை என்னும் பொதுநிதிப் பங்கைக் கொடுத்தார். அதை நிர்வகித்தது அவர்களின் சாதிச் சபையான உறவின்முறை. விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி ஆகிய ஆறு ஊர்களை இவ்வணிகர்களின் தலைமை மையங்களாக ஹார்ட்கிரேவ் குறிப்பிடுகிறார்.

நெருக்கமான குடியிருப்புக்கு வணிக வசதி மட்டுமே காரணம் அல்ல. கோயில் நுழைவுரிமை மறுக்கப்பட்ட காலம் அது. கமுதிக் கோயில் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. 1899 ஜூனில் சிவகாசி தாக்கப்பட்டுச் சூறையாடப்பட்டது. அந்த நினைவு உயிரோடிருந்த காலத்தில்தான் காமராசர் பிறந்து தவழ்ந்தார். சுவரோடு சுவர் சேர்த்துக் கட்டிய வீடுகளில் சிக்கனத்தோடு அச்சமும் இருந்தது. ஒருவருக்கொருவர் துணை என்ற உறுதியும் இருந்தது.

மகமையின் பயன் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதற்கும் இவ்வூரே சான்று. 1880களில் தொடங்கப்பட்ட சத்திரிய வித்யாசாலைப் பள்ளியில்தான் காமராசர் படித்தார். பள்ளிக்காக வீடுதோறும் பிடியரிசி எடுத்து வைக்கும் வழக்கம் இருந்ததை அவர் வாழ்க்கை வரலாறுகள் பதிவு செய்கின்றன. உலை வைக்கும் முன் அரிசிப் பானையிலிருந்து ஒரு பிடியை அள்ளித் தனிக் கலயத்தில் போடுவது பெண்களின் கை. ஆகவே இத்தெருக்களின் அடுக்களைகள் ஒரு பள்ளிக்கூடத்தின் வருவாய்த் துறையாக இருந்திருக்கின்றன. பின்னாளில் மதிய உணவுத் திட்டத்தை மாநிலம் முழுவதும் கொண்டு சென்றவர், பிள்ளைகளின் படிப்புக்கும் வீட்டு அரிசிக்கும் உள்ள உறவை முதலில் பார்த்தது இங்கேதான். திட்டத்துக்கு இதுவே காரணம் என்று சொல்லிவிட முடியாது. நீதிக்கட்சிக் காலத்தில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் நடந்த முன்முயற்சி உள்ளிட்ட வேறு வேர்களும் அதற்கு உண்டு. ஆனால் அரிசிக் கலயமும் அடுக்களையும் இல்லாமல் அந்த வரலாற்றை முழுமையாகச் சொல்லவும் முடியாது.

இதே மாவட்டத்துச் சிவகாசியிலும் வீடு வெறும் குடியிருப்பாக இருந்ததில்லை. பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய பின், பெட்டி ஒட்டுதலும் கட்டை அடுக்குதலும் ஆயிரக்கணக்கான வீட்டுத் திண்ணைகளில் நுழைந்தன. பசை வாடை படிந்த அந்தத் திண்ணைகளில் உழைத்தவர்கள் பெண்களும் சிறுவர்களும். அந்த வீடுகளை யாரும் மரபுச் சின்னம் என்று நினைத்ததில்லை. திண்ணையை இடித்துக் கடை வைத்தபோது யாரும் கேள்வி கேட்டதுமில்லை. விருதுநகர்த் தெருவின் கதி என்னவாகும் என்பதற்கு முன்னறிவிப்பாகவே இதைக் கொள்ள வேண்டும்.

4. கதைகளின் சாட்சியம்

காமராசரின் தந்தை குமாரசாமி தேங்காய் வணிகர். மகன் சிறுவனாக இருக்கும்போதே இறந்துவிட்டார். தாய் சிவகாமி அம்மாள் மகனையும் மகள் நாகம்மாளையும் வளர்த்தார். காமராசர் மாமாவின் துணிக்கடையில் வேலை பார்த்தார். பதின்பருவம் முடிவதற்குள் காங்கிரஸ் இயக்கத்தில் கரைந்துபோனார். வெவ்வேறு காலங்களில் சேர்த்துக் கணக்கிட்டால் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் சிறை. 1941இல் விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோதும் அவர் சிறையில்தான் இருந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. பிற்கால வாழ்க்கை சென்னையில் வாடகை வீட்டில் கழிந்தது. ஆக, விருதுநகர் வீட்டில் மிகுதியாக வாழ்ந்தவர் காமராசர் அல்லர். அவருக்காகக் காத்திருந்த தாய். “காமராசர் இல்லம்” என்ற பெயரே இந்த உண்மையை மறைத்துவிடுகிறது.

இந்த வீட்டைச் சுற்றி இரண்டு நிகழ்ச்சிகள் பரவலாகச் சொல்லப்படுகின்றன. முதலமைச்சரின் தாய் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டாமென்று வீட்டுக்குள்ளேயே தனிக் குழாய் போட்டுக் கொடுத்தார்கள். அறிந்த காமராசர் அதை அகற்றச் சொன்னார் என்பது ஒன்று. மகனைப் பார்க்க வருகிறவர்களுக்கு வசதியாகப் பக்கத்து இடத்தை வாங்கிச் சேர்த்துக்கொள்ளத் தாய் பணம் கேட்டார். “முதலமைச்சர் ஆனதும் வீட்டைப் பெரிதாக்கிக்கொண்டான் என்பார்கள்” என்று மகன் மறுத்துவிட்டார் என்பது மற்றொன்று.

ஆய்வாளர் இவற்றை எப்படி எடுத்துக்கொள்வது? சொல்கிறவருக்குச் சொல்கிறவர் தொகை மாறுகிறது. உடனிருந்தவர் பெயர் மாறுகிறது. மேடைப் பேச்சில் பல்லாண்டுகள் புழங்கியதால் வசனங்கள் மெருகேறியிருக்கின்றன. எழுத்தெழுத்தாக நம்ப வேண்டியதில்லை. ஆனால் இவ்விரு கதைகளுக்கும் பௌதிகச் சாட்சி ஒன்று உண்டு: அந்த வீடே. ஒன்பதாண்டு முதலமைச்சரின் வீடு தெருவின் மற்ற வீடுகளிலிருந்து பிரித்துக் காட்ட முடியாதபடி நிற்கிறது. வாங்கிச் சேர்க்கப்படாத பக்கத்து இடம், எழுப்பப்படாத அறை ஆகியவை கதைகளை நிரூபிக்காமல் இருக்கலாம். கதைகள் சுட்டும் நடத்தையை நிரூபிக்கின்றன. தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் பேர்போன இவ்வூரில், குழாய் வீட்டுக்குள் வருவதற்கும் தெருவில் இருப்பதற்கும் என்ன வேறுபாடு என்பது குடத்தோடு வரிசையில் நின்றவர்களுக்குத்தான் முழுமையாகப் புரியும். தெரு இல்லாவிட்டால் அந்தக் கதைக்கு அர்த்தமே இல்லை.

இங்கேதான் இந்த வீட்டின் தனி மதிப்பு இருக்கிறது. பொதுவாக ஒரு மரபுக் கட்டடத்தில் இருப்பதைக் காக்கிறோம். இங்கே காக்க வேண்டியது, அதிகாரம் கைக்கு வந்தும் கூட்டிக்கொள்ளாமல் விட்ட சின்ன அளவை. அந்த அளவு இடது வலது வீடுகளோடு ஒப்பிட்டால்தான் தெரியும். நாளை அக்கம்பக்க வீடுகளை வாங்கி இடித்து, சுற்றிலும் தோட்டமும் வளைவும் அமைத்து நடுவில் இந்த வீட்டை நிறுத்தினால், தாய் கேட்டும் மகன் செய்யாத காரியத்தை அவர் பெயராலேயே நாம் செய்து முடித்தவர்கள் ஆவோம்.

5. மூன்று ஒப்பீடுகள்

விருதுநகருக்குக் கடல் இல்லை. ஆனால் இரண்டு கடலோர ஊர்களின் அனுபவமும், இம்மாவட்டத்து ஊர் ஒன்றின் அனுபவமும் இந்த விவாதத்துக்கு வெளிச்சம் தருகின்றன. இராமேசுவரம் மசூதித் தெருவில் அப்துல் கலாமின் பூர்விக வீடு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சுண்ணாம்பும் செங்கலும் கொண்டு கட்டிய வீடு என்று தம் தன்வரலாற்றில் அவர் குறிப்பிடுகிறார். தந்தை மரப்படகு கட்டி, தனுஷ்கோடிக்கு யாத்திரிகர்களை ஏற்றிச் சென்றவர். இன்று அந்த முகவரியில் இருப்பது மாடிகள் எழும்பிய கட்டடமும் கண்காட்சியும். குடும்பத்தின் பெருமிதமும் வருகிறவர்களின் அன்பும் மெய்யானவை. ஆயினும் சுண்ணாம்புச் சுவருக்குள் ஒரு படகோட்டிக் குடும்பம் எப்படி வாழ்ந்தது என்று பார்க்க வருகிறவருக்கு விருதுகளும் ஒளிப்படங்களுமே கிடைக்கின்றன.

இரண்டாவது, விருதுநகர் மாவட்டத்திலேயே உள்ள திருச்சுழி. 1879இல் ரமண மகரிஷி பிறந்த வீடு “சுந்தர மந்திரம்” என்ற பெயரில் ரமணாசிரமத்தால் பேணப்படுகிறது. அங்கே வீடு வழிபாட்டிடம் ஆகிவிட்டது. அன்றாடம் ஆள் புழங்குவதால் சுவரும் கூரையும் நன்றாக இருக்கின்றன. அதே சமயம், வக்கீல் தொழில் செய்த ஒரு சிற்றூர்க் குடும்பத்தின் வீடு என்ற தடயம் பூசையின் பின்னே ஒதுங்கிவிடுகிறது.

மூன்றாவது தரங்கம்பாடி. 1620இல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய மீனவ ஊர். 2004 சுனாமிக்குப் பின் மரபுப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் அங்கே காலனியக் கட்டடங்களோடு, கோல்டுஸ்மித் தெரு என்று குறிக்கப்படும் தெருவின் திண்ணை வீடுகளையும் சீரமைத்தது. ஒற்றை வீட்டை விட்டுத் தெருவை அலகாகக் கொண்டது தமிழக மரபுப் பாதுகாப்பில் முக்கியமான நகர்வு. ஆனால் அதே ஊரின் மீனவர் வீடுகள் மரபுக் கணக்கில் ஏறவில்லை. அவர்களுக்குக் கடலிலிருந்து தள்ளிப் புதுக் குடியிருப்புகள் கட்டித் தரப்பட்டன. தரங்கம்பாடியில் பேணப்படுவது யாருடைய வரலாறு என்ற கேள்வியைத் தம் நூலின் தலைப்பிலேயே வைத்தார் டேனிஷ் மானுடவியலாளர் ஹெல்லே யோர்கன்சன் (2014). கடல் தொழில் செய்கிறவரின் வீட்டைப் பழுது என்று கழித்துவிட்டு, கவர்னர் மாளிகையை மட்டும் மரபு என்று எண்ணினால் நம் அளவுகோலில்தான் கோளாறு.

இம்மூன்றும் சேர்ந்து ஒன்றைக் காட்டுகின்றன. பெரிதாக்குதலும் புனிதமாக்குதலும் வீட்டை நிலைநிறுத்தலாம். அதன் சாட்சியத்தை மங்கச் செய்கின்றன. தெருவோடு சேர்த்துக் காப்பதே சாட்சியத்தை மிஞ்சவைக்கிறது. அப்போதும் யாரைச் சேர்த்தோம், யாரை விட்டோம் என்ற கேள்வி தொடரும்.

6. எதிர்வாதங்கள்

முதல் எதிர்வாதம் வலுவானது: “தெருவில் குடியிருப்பவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? பிள்ளைகளுக்கு ஓர் அறை கூட்டிக்கொள்ளவும் கூடாதா?” நூறு மீட்டர் தடை போன்ற விதியை இங்கே திணிப்பது அநீதி. தேவைப்படுவது தடை அன்று, உடன்பாடு: தெருவை நோக்கிய முகப்பும் உயரமும் திண்ணை வரிசையும் மாறாமல் இருந்தால் சொத்து வரியில் சலுகை, பழுது பார்க்க நிதி, உள்ளே வசதி செய்துகொள்ள முழு உரிமை.

இரண்டாவது, இது ஒரு சாதியின் பெருமைச் சின்னமாகச் சுருங்கிவிடாதா என்பது. மகமையும் உறவின்முறையும் ஒரு சாதிக்குள் இயங்கியவை. இது மறுக்க முடியாதது. அதனாலேயே வரலாற்றை முழுமையாகச் சொல்ல வேண்டும். ஒடுக்கப்பட்ட ஒரு சமூகம் தன்னைத் தானே தூக்கி நிறுத்திய முறையையும், அந்தத் தெருவிலிருந்து கிளம்பியவர் எல்லாப் பிள்ளைகளுக்குமாகப் பள்ளிகளைத் திறந்ததையும், அந்த வட்டத்துக்கு வெளியே நின்றவர்கள் யார் என்பதையும் ஒரே சுவரில் காட்டுவதே நேர்மை. மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிடக் கோரி 1956இல் சங்கரலிங்கனார் எழுபத்தாறு நாள் நீண்ட உண்ணாவிரதத்தைத் தொடங்கியதும் இதே விருதுநகரில்தான்; மதுரை மருத்துவமனையில் அவர் உயிர் துறந்தார். அப்போது ஆட்சியில் இருந்தவர் காமராசர். அந்த முரணையும் மறைக்காமல் சொல்லும் துணிவு நினைவில்லத்துக்கு வேண்டும்.

மூன்றாவது, “பழைய சுவர் நிற்காது, சிமெண்டுதான் வழி” என்பது. இது பொறியியல் தவறு. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும். உப்புப் பூத்துப் பூச்சு பொரிந்து செதில் செதிலாக உதிரும். அதைக் கண்டு மீண்டும் சிமெண்டே பூசுவார்கள். நீற்றிய சுண்ணாம்பையும் மணலையும் அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீர் விட்டுப் பதமாக்கிப் பூசும் காரை வேலை தெரிந்த கொத்தனார்கள் தென் மாவட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். வேலை கொடுக்காவிட்டால் அவர்களோடு அந்தத் தொழிலும் போய்விடும்.

7. முடிவு

காமராசர் இல்லத்தின் மரபு மதிப்பு அதன் கட்டடக் கலையில் இல்லை. அங்கே வாழ்ந்தவரின் புகழில் மட்டும் இல்லை. அதிகாரம் தொட்டும் வளராத அதன் அளவிலும், அந்த அளவை அளந்து காட்டும் தெருவிலும், அங்கே காத்திருந்த தாயின் வாழ்க்கையிலும் இருக்கிறது. ஆகவே பாதுகாப்பின் அலகு வீடு அல்ல, தெரு.

இதிலிருந்து சில கடமைகள் பிறக்கின்றன. தெருவின் ஒவ்வொரு வீட்டையும் அளந்து வரைபடமாக்க வேண்டும். பிடியரிசியும் மகமையும் தெருக்குழாயும் நினைவிலுள்ள முதியவர்களின் பேச்சை, அவர்கள் இருக்கும்போதே ஒலிப்பதிவு செய்ய வேண்டும். சிவகாமி அம்மாளுக்கும் நாகம்மாளுக்கும் நினைவில்லத்தில் உரிய இடம் வேண்டும். 2024இல் நடைமுறைக்கு வந்த மரபு ஆணையச் சட்டத்தின் கீழ், குடியிருப்பவர்களின் ஒப்புதலோடு, இத்தெருவை மரபுப் பகுதியாக அறிவிக்கும் முயற்சியை நகராட்சியும் மாவட்ட நிர்வாகமும் தொடங்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வேண்டுகோள். அன்பின் மிகுதியால்கூட அந்த வீட்டைப் பெரிதாக்கிவிடாதீர்கள். அந்தத் தாய் கேட்டும் சேர்க்கப்படாத அறை, இனியும் சேர்க்கப்படாமலே இருக்கட்டும்.